பொழுதோட வந்த குஞ்சுகள்

கடையில் வாங்கி வந்த முட்டையை உடைப்பதற்கு முன் கைப்பேசி டார்ச்சை எரியவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் மைதிலி. ஓடு செம்மஞ்சளாக ஒளிர்கிறது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு வாணலியில் உடைத்து ஊற்றுகிறார். "உள்ள என்னங்க தெரியுது?" என்று என் மனைவி வசந்தாமணி ஒருமுறை கேட்டாள். "ஒண்ணும் தெரியாதுங்கக்கா. கடை முட்டைல கரு ஏது? கை பழகிருச்சு" என்றார். ஒன்றும் இருக்காது என்று தெரிந்துகொண்டே அதைத் தினமும் சோதித்துப் பார்க்கும் மனிதரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்களாகக் குடியிருக்கிறார். வீடு பார்க்க வந்த அன்று சமையலறையையோ குளியலறையையோ பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து, கூரையின் அடிப்பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாப்பதத் தாண்டுதுங்கண்ணா. ராத்திரி தூங்கறது கஷ்டம்" என்றார். சரி, ஆள் கழன்றுகொண்டது என்று நினைத்தேன். மறுவாரமே சாமான்களோடு வந்து இறங்கினார். வாடகைக்கு வருகிறவர்கள் குறை சொல்வது விலையைக் குறைக்க. இவர் குறையைச் சொல்லிவிட்டுக் கேட்ட வாடகையைக் கொடுத்தார். அப்போதே இது வேறு மாதிரி ஆள் என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

தெருவில் அவருக்குக் கோழி டாக்டர் என்று பெயர். ஆட்டோக்காரர்கள் முதல் இஸ்திரிக்காரர் வரை, தூங்கி வழியும் சேவலைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்து வாசலில் நிற்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க, மூளை ஆராய்ச்சி பண்றவ" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். சொல்லிக்கொண்டே சேவலின் அலகைத் திறந்து தொண்டையைப் பார்த்து மருந்தும் எழுதிக் கொடுத்துவிடுவார். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவர்தான். அந்தப் படிப்பு போகவில்லை, மேலே வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா போர்வெல் ரிக் வண்டியில் ஆபரேட்டர். வருடத்தில் பாதி நாள் வடநாட்டில் எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். "எங்கப்பா பூமிக்குள்ள பாத்தாரு, நான் மண்டைக்குள்ள பாக்கறேன். ரெண்டுலயும் பாதி நேரம் வெறும் புழுதிதானுங்க வரும்" என்பார் மைதிலி. பெங்களூரில் முனைவர் பட்டம், பிறகு ஜெர்மனியில் பல வருடம். அங்கே எல்லோரும் எலியின் மூளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கோழிக்குஞ்சு வேண்டும் என்று அடம் பிடித்தாராம். காரணம் கேட்டால் சிரிக்காமல் சொல்லுவார்: "எலிக்குட்டிக்கு அம்மா இருக்குதுங்கண்ணா. நக்கிக் குடுக்கும், பால் குடுக்கும், அணைச்சுக்கும். அப்புறம் மூளைல ஒரு மாத்தம் வந்தா அது எதனால வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? கோழிக்குஞ்சு முட்டைய உடைச்சுட்டுத் தனியா வந்து நிக்குது. நாம என்ன குடுக்கறமோ அதான் அதுக்கு உலகம்."

இந்த ஆராய்ச்சிக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர். எனக்குப் புரியவைக்க அவர் அதிகம் பாடுபடவில்லை. எங்கள் வீட்டு மெயின் போர்டில், கழற்றிப் போட்டுவிட்ட பழைய மோட்டாரின் சுவிட்ச் ஒன்று இன்னும் இருக்கிறது. யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைக் காட்டி, "இதேதானுங்கண்ணா. போர்டும் அதேதான், ஒயரும் அதேதான். டேப்பு ஒட்டிட்டா அந்த சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. மரபணுவும் அப்படித்தான், எழுத்து மாறாது. மூளை வளர்றப்ப, வெளிய நடக்கறதப் பாத்துப் பாத்து, எதுக்கு டேப் ஒட்டறது, எதப் பிரிக்கறதுன்னு செல்லு முடிவு பண்ணிக்கும். நான் அந்த டேப்பப் பாக்கறவ" என்றார். அன்றிலிருந்து அந்தச் சுவிட்சைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு என் பிள்ளைப் பருவம் ஞாபகத்துக்கு வருகிறது. எதையெல்லாம் ஒட்டி மூடினார்களோ.

அவருடைய பெயரை வெளிநாட்டில் சிலருக்குத் தெரியவைத்த கண்டுபிடிப்பு இதுதான். முட்டையிலிருந்து வெளியே வந்த முதல் சில நாட்களில் குஞ்சுக்கு வழக்கமான இதமான சூட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடு, அளவோடு, கொஞ்ச நேரம் காட்டினால் போதும். மூளையின் அடியில் உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்கிற பகுதியில் சில மரபணுக்களின் மேல், அவர் சொன்ன அந்த டேப்பைப் போல, ஒரு குறி விழுகிறது. வளர்ந்த பின்பும் அந்தக் குறி அழிவதில்லை. அந்தக் கோழி சித்திரை வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. சூடு காணாத கோழி அலகைத் திறந்து திணறுகிறது. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோடையில் கோழி செத்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு பண்ணைகளில் இதை நம்பிச் செய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

குறியைப் பார்க்க வேண்டுமானால் மூளையை எடுக்க வேண்டும். மூளையை எடுக்க வேண்டுமானால் குஞ்சைக் கொல்ல வேண்டும். அந்த வேலையை மைதிலி மாணவர்களிடம் விடுவதில்லை, தானே செய்கிறார். அப்படிப்பட்ட நாட்களில் மாடிப்படி ஏறும்போது யாரோடும் பேசமாட்டார். இதை வைத்து அவர் சைவம் என்று முடிவு கட்டிய வசந்தாமணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தயங்கித் தயங்கிக் கோழிக் குழம்பு கொடுக்கப் போனாள். "திங்கறதுதானுங்கக்கா. செஞ்சத மறந்துட்டுத் திங்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

இந்தக் கோடையில்தான் அவருக்குச் சோதனை வந்தது.

ஒரு கண்டுபிடிப்பை அதைக் கண்டுபிடித்தவரே மறுபடி செய்து காட்டினால் போதாது, வேறு கை செய்தாலும் வர வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் தன் மாணவி தேவிப்ரியாவிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு, அந்தச் சோதனையின் பக்கமே போகாமல் ஒதுங்கிக்கொண்டார். தேவிப்ரியா மன்னார்குடிப் பெண். மெல்லிய குரல், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத சுபாவம். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள குஞ்சு பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் வர வேண்டும், ஏற்காடு ரோட்டில் உள்ள மைதிலியின் ஆய்வுக்கூடத்தில் பாதிக்குச் சூடு காட்ட வேண்டும், பாதியைச் சும்மா விட வேண்டும், வளர்ந்ததும் இரண்டையும் வெப்ப அறையில் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறை செய்தாள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. மறுபடி செய்தாள், அப்போதும் இல்லை. மூளையிலும் இரண்டுக்கும் ஒரே மாதிரி குறிதான்.

மைதிலி திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அவ கை சுத்தமுங்கண்ணா. அவ செஞ்சு வரலைன்னா நான் செஞ்சப்ப வந்ததுதான் தப்பு" என்றார் என்னிடம். இன்னும் ஒரு முறை பார்ப்பது, வராவிட்டால் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வது, பண்ணைக்காரர்களிடம் நேரில் போய் நிறுத்தச் சொல்வது என்று முடிவு செய்திருந்தார். இத்தனை வருட உழைப்பை இப்படி ஒரு வாக்கியத்தில் சுருட்டி வைக்க எப்படி முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. அந்த வாரங்களில் மாடியில் முட்டை வாசனை வரவில்லை. தேவிப்ரியாவோ படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஏதாவது பள்ளியில் டீச்சராகிவிடுவதாக வசந்தாமணியிடம் சொல்லி அழுதாள்.

அந்தக் கடைசி முறைக்கு முந்திய நாள். தேவிப்ரியா ஏதோ கேட்க வந்தவள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். மைதிலி மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குஞ்சு வேன் ஓட்டும் சென்னியப்பனைக் கைப்பேசியில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஒரு கையில் டம்ளரோடு பேசினாள்.

"அண்ணா, நாளைக்காவது கொஞ்சம் பொழுதோட வந்துடுங்கண்ணா. தயவுசெஞ்சு."

"பொழுதோடதானுங்க வாரேன். என்னைக்குங்க நான் தப்புனேன்?" என்றார் சென்னியப்பன், மனத்தாங்கலோடு.

"சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டு, "எத்தன தடவ சொன்னாலும் சாயங்காலம்தான் வர்றாரு மேடம். பெரியவரு, அதுக்கு மேல என்னத்தச் சொல்றது" என்றாள்.

மைதிலி கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"தேவி, பொழுதோடன்னா என்ன?"

"சீக்கிரம் மேடம். நேரத்தோட."

"எந்த ஊர்ல?"

"எங்க ஊர்லதான்" என்று சொன்ன தேவிப்ரியா, எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நானும் வசந்தாமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பக்கத்தில் பொழுதோட என்றால் சாயங்காலம். பொழுது சாயும் நேரம். குழந்தைக்கும் தெரியும். பாவம், மன்னார்குடிக் குழந்தைக்குத் தெரியாது.

வெயிலுக்கு முன்னால் வா என்று இவள் கெஞ்சக் கெஞ்ச, சாயங்காலம் வா என்கிறாள் என்று அவர் தலையாட்டியிருக்கிறார். தாமதமாக வந்த ஒவ்வொரு முறையும், அடுத்த தடவை தவறாமல் பொழுதோட வரச் சொல்லி இவள் இன்னும் பணிவாகக் கேட்டிருக்கிறாள். அவரும் இன்னும் கண்டிப்பாகச் சாயங்காலமே வந்திருக்கிறார். இரண்டு நல்லவர்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்ளாமல் ஒருநாளாவது சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்.

மைதிலி கைப்பேசியை வாங்கி அவரையே மறுபடி அழைத்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஏனுங்கண்ணா, ஹேச்சரில குஞ்சு எப்பக் குடுப்பாங்க?"

"அது காத்தால வெடியறப்பவே குடுத்துருவாங்க அம்மிணி. அவுங்களுக்கு எடம் வேணுமில்லீங்க."

"அப்புறம் பொழுதோட வரைக்கும் பெட்டி எங்க இருக்கும்?"

"நம்ம வண்டிலதானுங்க. எங்கூட்டுக்கிட்டத் தகரக் கொட்டாய்ல நிறுத்தி வெச்சிருப்பேன். வெக்கை தாங்காம கத்தும். அப்பப்பப் போயிப் பாத்துக்குவேன். ஏனுங்க, செத்துக்கித்துப் போச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. ஒண்ணுகூடச் சாகல" என்று சொல்லிவிட்டு மைதிலி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கே புரிந்துவிட்டது. பங்குனி, சித்திரையில் எருமப்பட்டித் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு பகல் முழுக்க. சூடு காட்டப்போகிற குஞ்சு, காட்டாமல் விடப்போகிற குஞ்சு, இரண்டும் ஒரே வண்டியில். ஆய்வுக்கூடத்துக்கு வரும் முன்பே எல்லாக் குஞ்சும் சூடு கண்டுவிட்டது. பிறகு வித்தியாசம் எங்கிருந்து வரும்? மைதிலியே குஞ்சு வரவழைத்த காலத்தில் 'காத்தாலயே வந்துருங்க' என்றுதான் சொல்லியிருப்பார், சென்னியப்பனும் காத்தாலயே வந்திருப்பார். திருச்செங்கோட்டில் பிறந்தவருக்கு அதில் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

வசந்தாமணி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தேவிப்ரியா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். நான் இனிப்பு வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். மைதிலி தடுத்துவிட்டார்.

"வேண்டாமுங்கண்ணா. இது நமக்குப் புடிச்ச பதிலு. அதனாலயே இத உடனே நம்பிறக் கூடாது."

மாடியேறிப் போய் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டையை மாட்டிய நான் கழற்றவும் மனமில்லாமல் சும்மா தெருமுனை வரை போய் வந்தேன்.

மறுநாள் விடியும் முன்பே இறங்கி வந்து அவர் என்னிடம் கேட்டது வேலைக்கு ஆள். சென்னியப்பனிடம் 'காத்தாலயே' என்று சொல்லியாயிற்று, குஞ்சுகள் இந்த முறை விடிந்ததும் வந்துவிடும். பாதிக்கு நீல வளையம், பாதிக்கு மஞ்சள் வளையம் காலில் போட்டிருக்கும். எந்த நிறத்துக்குச் சூடு காட்டுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். அதை நானும் சென்னியப்பனும் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும். அவருக்கும் தெரியக் கூடாது, தேவிப்ரியாவுக்கும் தெரியக் கூடாது. "தெரிஞ்சா கண்ணு ஏமாத்திரும். நமக்கு வேணும்கறதத்தான் பாக்கும்" என்றார். ஏன் நான் என்று கேட்டேன். "உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்கண்ணா. அதான் நல்லது" என்றார். இதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

காசைச் சுண்டிப் போட்டு நிறத்தை முடிவு செய்தோம். சென்னியப்பன், தான் செய்த காரியத்தைக் கேள்விப்பட்டு ஒடுங்கிப் போயிருந்தார். "அம்மிணி பொழப்பையே கெடுக்கப் பாத்தனேங்க" என்று வளையம் போட்ட ஒவ்வொரு குஞ்சிடமும் மன்னிப்புக் கேட்பது போலக் குனிந்து வேலை செய்தார். அதன் பிறகு வந்த வாரங்களில் மைதிலி கைப்பேசியில் கூப்பிட்டால் அவர் எடுப்பதே இல்லை. "பேச்சோட பேச்சா வாயில வந்துருச்சுன்னா என்னங்க பண்றது?" என்று என்னிடம் சொன்னார். என் நிலைமை அதைவிட மோசம். ஒரே வீடு. படியில் எதிரே வந்தால் பூச்செடியைப் பார்ப்பேன். வசந்தாமணி எத்தனை விதமாகக் கேட்டும் சொல்லவில்லை. எங்கள் இல்லற வாழ்க்கையில் நான் அவளிடம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது அதுதான் முதல் முறை.

குஞ்சுகள் சிறகு விட்டு இளங்கோழியான பிறகு அந்த நாள் வந்தது. வெப்ப அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் முன்னால் தேவிப்ரியா நின்றாள். மைதிலி என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்.

"உங்க மூஞ்சில எல்லாம் எழுதி ஒட்டிருக்குமுங்கண்ணா. திரும்பிறாதீங்க."

தண்டனை வாங்கிய பள்ளிப் பையன் போல நின்றேன். சுண்ணாம்பு உரிந்த சுவர். பின்னால் ஹீட்டர் இரைச்சலும் கோழிகள் பரபரக்கும் சத்தமும் மட்டும் கேட்டன. என் மனதில் ஒரே ஒரு சொல். இந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாத, எனக்கும் வாசலில் வேனுக்குள் ஒளிந்திருந்த சென்னியப்பனுக்கும் மட்டும் தெரிந்த சொல். தேவிப்ரியா வேறு நிறத்தைச் சொல்லிவிட்டால் இந்த மனுஷிக்கு என் வாயால் அல்லவா அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது, ஏன் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டோம் என்று இருந்தது. வியர்வை வழிந்தது. எனக்கும் ஒரு வளையம் போட்டு உள்ளே விட்டிருக்கலாம்.

"ஒரு கூட்டம் திணறுது மேடம்" என்றாள் தேவிப்ரியா. "அலகத் திறந்துகிட்டு, இறக்கைய விரிச்சுகிட்டு. இன்னொரு கூட்டம் சும்மா மேஞ்சுகிட்டு இருக்கு. நல்லாத் தெரியுது."

"எல்லாத்தையும் பாத்துட்டியா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன் மேடம். திணறுறது நீலம்."

மைதிலியின் குரல் என் முதுகுக்கு மிக அருகில் கேட்டது.

"சொல்லுங்கண்ணா. சூடு கண்டது எது?"

"மஞ்சள்" என்றேன் சுவரிடம்.

திரும்பிப் பார்க்கலாமா என்று கேட்கக்கூடத் தோன்றாமல் திரும்பினேன். தேவிப்ரியா முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. வாசலில் வேன் கதவு திறந்து, "அப்பாடா" என்று சென்னியப்பன் விட்ட மூச்சு உள்ளே வரை கேட்டது. நான் பக்கத்திலிருந்த தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நிம்மதியை நான் என் சொந்தக் காரியத்தில்கூட அனுபவித்ததில்லை.

மைதிலியைக் காணோம். ஹீட்டர் இரைச்சல் நின்றிருந்தது. வெப்ப அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது, ஏற்காட்டுப் பக்கத்துக் காற்று அதற்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கோழி எச்சத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திணறிக்கொண்டிருந்த நீல வளையங்களைத் தன் பக்கமாக ஒவ்வொன்றாக அணைத்துச் சேர்த்துக்கொண்டு, துப்பட்டாவைக் கழற்றி அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.